பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு வேறு ஸ்டீயரிங் வீல் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கானது இது. அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்று விற்ற அதே மடக்குக் கூரை வண்டி. இதில் ஸ்டீயரிங் வீல் மாற்றப் பெரிய திறமை வேண்டாம். ஒரு நட்டு, சில போல்ட்டுகள், இரண்டு மூன்று வயர்கள், அவ்வளவுதான். ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை தப்பினால் ஏர்பேக் வெடிக்கலாம், பிளாஸ்டிக் உடையலாம், வீல் கோணலாக உட்காரலாம். புதிதாகச் செய்கிறவர்கள் தடுமாறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கை தவறுவதில்லை, வரிசைதான் தவறுகிறது.

1. ஏர்பேக் பற்றி முதலில் முடிவெடுங்கள்

அமெரிக்காவில் விற்ற வண்டிகளில் தொடக்கத்திலிருந்தே ஓட்டுநர் பக்க ஏர்பேக் உண்டு. 1994 முதல் அங்கே பயணி பக்கமும் வந்தது. ஜப்பானிலும் பிரிட்டனிலும் விற்ற ஆரம்பகால வண்டிகள் பலவற்றில் ஏர்பேக்கே கிடையாது. உங்களுடையது எது என்று வீலின் நடுவைப் பார்த்தாலே தெரியும். தடித்த சதுர மூடி இருந்தால் ஏர்பேக். சின்ன வட்டப் பட்டன் இருந்தால் இல்லை.

ஏர்பேக் இல்லாத வண்டி என்றால் யோசிக்க ஒன்றுமில்லை, 6-ஆம் படியை விட்டுவிடலாம். ஏர்பேக் வேலை செய்கிற வண்டி என்றால், வெளியில் வாங்கும் வீல் போட்டதும் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பதை மனதார ஏற்றுக்கொண்ட பிறகே இறங்குங்கள். என் கருத்தைக் கேட்டால், நெடுஞ்சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு நான் மாற்றமாட்டேன். தோல் உரிந்துபோன பழைய வீல்தான் பிரச்சினை என்றால், ஏர்பேக்கோடு அதையே வைத்துக்கொண்டு தோலை மட்டும் புதிதாகத் தைத்துக்கொள்ளலாம்.

சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஒரு பழுதுபார்க்கும் கடை வேலை செய்கிற ஏர்பேக்கைச் செயலிழக்கச் செய்யக் கூடாது. அதனால்தான் அங்கே பல கடைகள் இந்த வேலையை எடுப்பதில்லை. ஜெர்மனியில் வீலுக்கு அங்கீகாரச் சான்று வேண்டும். ஜப்பானில் ஹாரன் பட்டன் மேல் ஹாரன் குறி இல்லாவிட்டால் வாகனப் பரிசோதனையில் தேறாது. உங்கள் ஊர் விதியையும் காப்பீட்டு நிறுவனம் என்ன சொல்கிறது என்பதையும் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

2. வீலும் ஹப்பும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்

வெளியில் கிடைக்கும் வீல் நேராகக் காரின் ஸ்டீயரிங் தண்டில் ஏறாது. நடுவில் ஹப் வேண்டும். ஹப்பின் ஒரு முகம் தண்டின் பல் வரிகளில் உட்காரும். மறுமுகத்தில் ஆறு ஸ்க்ரூ துளைகள் இருக்கும்.

அந்த ஆறு துளைகளில்தான் முதல் சிக்கல். வீல் செய்யும் நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். மோமோ முறையில் துளை வட்டத்தின் விட்டம் 70 மி.மீ. நார்டி முறையில் 74 மி.மீ. ஸ்பார்கோ, ஓஎம்பி போன்றவை பெரும்பாலும் 70, பெர்சனல் 74. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஸ்க்ரூ ஏறாது. இரண்டுக்கும் துளை உள்ள ஹப்புகளும் கிடைக்கின்றன. துளையை அராவிப் பெரிதாக்கிச் சமாளிக்காதீர்கள். ஸ்க்ரூவின் தலை சாய்ந்து உட்கார்ந்தால் பிடிமானம் பாதியாகிவிடும்.

ஹப் வாங்கும்போது கேட்க வேண்டியவை இரண்டு. ஏர்பேக் உள்ள தண்டுக்கா, இல்லாததற்கா? அப்புறம், மோதலில் நசுங்கிக் கொடுக்கும் வகையா? ரப்பர் உறைக்குள் மெல்லிய தகட்டுக் கூம்பு உள்ள ஹப், மார்பு வந்து மோதும்போது மடங்கிக் கொடுக்கும். முழு அலுமினியக் கட்டி கொடுக்காது. ஏர்பேக்கை எடுத்துவிட்ட வண்டியில் இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. விலை கொஞ்சம் கூடினாலும் மடங்கும் வகையையே வாங்குங்கள். பெயர் பெற்ற வீல்களுக்குப் போலிகள் நிறைய. பாதி விலைக்கு ஒன்று கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

அளவுக்கு 350 மி.மீ. இந்தக் காருக்கு நன்றாகப் பொருந்தும். தொடைக்கும் வீலுக்கும் இடையே இடம் கிடைக்கும். உயரமானவர்கள் மாற்றுவதற்கு முக்கியக் காரணமே அதுதான். அதைவிடச் சிறியது போட்டால் வேகமானியின் மேல்பகுதி மறையும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் பார்க்கிங் செய்யும்போது தோள் வலிக்கும்.

கூரை திறந்து ஓட்டும் வண்டி என்பதால் பொருளையும் பாருங்கள். ஸ்வேட் எனப்படும் சொரசொரப்பான தோல் வெயிலில் வெளுத்து, வியர்வையில் பிசுக்கேறும். பளபளக்கும் ஆரங்கள் மத்தியான வெயிலில் கண்ணில் அடிக்கும். நல்ல வார்னிஷ் பூசிய மரம் தாங்கும், ஆனால் நிழலில் நிறுத்த வேண்டும். மங்கலான கறுப்பு ஆரங்களும் வழுவழுப்பான தோலும் உள்ள வீலே நீண்ட நாள் உழைக்கிறது.

3. கையில் இருக்க வேண்டியவை

10 மி.மீ., 21 மி.மீ. சாக்கெட்டுகள், நீளமான எக்ஸ்டென்ஷன், ராட்செட், டார்க் ரெஞ்ச் (குறித்த விசையில் இறுக்க), ஸ்டீயரிங் புல்லர் (வீலை இழுத்துக் கழற்ற), ஆலன் கீ செட், மல்டிமீட்டர், மார்க்கர் பேனா, துணி டேப், ஸ்க்ரூக்கள் தானாகத் தளராமல் பிடிக்க நடுத்தர வலிமையுள்ள திரெட் லாக்கர் பசை.

டார்க் ரெஞ்ச்சும் புல்லரும் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேலையில் நின்று, இருக்கிற சுத்தியலைத் தேடுவதில்தான் பெரும்பாலான சேதம் தொடங்குகிறது.

4. நேராக நிறுத்துங்கள், படம் எடுங்கள்

சமமான சாலையில் மெதுவாக நேராக ஓட்டிவந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பாமல் அப்படியே நிறுத்துங்கள். கராஜுக்குள் வளைத்து ஓட்டி நிறுத்திவிட்டு, கண்ணால் பார்த்து நேராக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். முன்சக்கரம் உண்மையில் நேராக இருக்கும் நிலையில் பழைய வீல் எப்படி நிற்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய அளவுகோல். அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வீலே கொஞ்சம் சாய்ந்து நின்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அப்புறம் பழி புது ஹப்பின் மேல் விழும்.

கூரையைத் திறந்துவிடுங்கள். சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளுங்கள். வீலை நேராக உங்களை நோக்கி இழுக்க முழங்கைக்கு இடம் வேண்டும். கூரை மூடிய இந்தச் சின்ன அறையில் சாய்வாகத்தான் இழுக்க வரும், சாய்வாக இழுத்தால் பல் வரிகளில் சிக்கும். சாவியை ஏசிசி நிலையில் வையுங்கள், ஸ்டீயரிங் பூட்டு விடுபட்டிருக்க வேண்டும்.

5. பேட்டரியைத் துண்டியுங்கள், காத்திருங்கள்

இந்தக் காரில் பேட்டரி பின்பக்க டிக்கியில், வலது மூலையில் இருக்கிறது. நெகட்டிவ் முனையைக் கழற்றி, தானாகத் திரும்பி உரசாதபடி துணி சுற்றி ஒதுக்கிவையுங்கள்.

உடனே ஏர்பேக்கில் கை வைக்கக் கூடாது. பேட்டரி அறுந்தாலும் வெடிக்க வைக்கும் அளவுக்கு மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேமித்து வைக்கும்படிதான் ஏர்பேக் சர்க்யூட்கள் அமைக்கப்படுகின்றன. மோதலில் பேட்டரி அறுந்துபோனாலும் ஏர்பேக் விரிய வேண்டுமே, அதற்காக. நான் அரை மணி நேரம் விட்டுவிடுவேன். அந்த நேரத்தில் புது ஹப்பையும் வீலையும் மேசை மேல் வைத்து ஆறு ஸ்க்ரூவும் சரியாக ஏறுகின்றனவா என்று பார்த்துவிடலாம். ஏறாது என்றால் வண்டியைக் கழற்றும் முன்பே தெரிந்துவிடுகிறது.

எஞ்சின் கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்தது அழிந்துபோவதால், பிறகு முதல் ஓட்டத்தில் ஐடிலிங் கொஞ்சம் ஏறி இறங்கலாம். ரேடியோ நினைவும் போகும். பயப்பட வேண்டாம்.

6. ஏர்பேக்கைக் கழற்றுங்கள்

வீலின் பின்புறம் நான்கு 10 மி.மீ. நட்டுகள் பிடித்திருக்கும். வீலை ஒரு பக்கம் கால் சுற்று திருப்பினால் இரண்டு, மறுபக்கம் திருப்பினால் இரண்டு கைக்கு எட்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் இங்கேதான் உதவும். கடைசி நட்டு வரும்போது முன்பக்கம் ஒரு கையைக் கொடுத்துத் தாங்குங்கள், இல்லையென்றால் மூடி வயரில் தொங்கும்.

தொடும் முன் காரின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். மூடியை மெதுவாக முன்னால் சாய்த்து இணைப்பானைக் கழற்றுங்கள்.

தூக்கிச் செல்லும்போது அலங்கார முகம் உங்கள் உடலுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். கீழே வைக்கும்போது முகம் வானம் பார்க்க வேண்டும். கவிழ்த்து வைத்தது வெடித்தால் மொத்தமாக எகிறிப் பறக்கும். மல்டிமீட்டரை ஏர்பேக்கின் முனைகளில் ஒருபோதும் வைக்காதீர்கள். மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டமே அதைத் தூண்டிவிடக்கூடும்.

7. நட்டும் பழைய வீலும்

இங்கே பலர் மறக்கும் ஒன்று: நட்டுகளை எட்டுவதற்காக வீலைத் திருப்பினீர்களே, அதைப் பழையபடி நேராகக் கொண்டுவாருங்கள். 4-ஆம் படியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரான பிறகு தண்டின் முனையிலும் வீலின் நடுவிலும் ஒரே கோடாக மார்க்கரால் குறியிடுங்கள்.

நடு நட்டு 21 மி.மீ. அதைத் தளர்த்தும்போது ஸ்டீயரிங் பூட்டு பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பூட்டு திருடனைத் தடுக்கச் செய்த ஒரு சின்ன ஊசி, நட்டின் விசையைத் தாங்குவதற்கல்ல. ஒரு கையால் வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மறுகையால் ராட்செட்டை இழுங்கள்.

நட்டு தளர்ந்ததும் முழுக்கக் கழற்றிவிடாதீர்கள். மூன்று நான்கு சுற்று அளவுக்குத் தண்டில் விட்டுவையுங்கள். வீல் திடீரென்று விடுபட்டால் நட்டு தடுக்கும், இல்லையென்றால் நேராக முகத்தில் வந்து மோதும். சில வீல்கள் கையால் இருபக்கமும் மாறி மாறி அசைத்தாலே வந்துவிடும். வராவிட்டால் புல்லர் போடுங்கள். வீலின் நடுவில் அதற்கென்றே இரண்டு மரையிட்ட துளைகள் உண்டு. புல்லரின் போல்ட்டுகளைப் பிடிமானம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். நீளமாக உள்ளே விட்டால் பின்னால் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கை (அடுத்த படியில் வரும் சுருள் கேபிள் பெட்டி) குத்தும்.

தண்டின் முனையில் சுத்தியலால் தட்டவே கூடாது. விபத்தில் உள்வாங்கிக் குறுகும்படி செய்யப்பட்ட தண்டு அது. தட்டினால் அந்த அமைப்பு இப்போதே உள்வாங்கிவிடும். அதைச் சரிசெய்ய தண்டும் அதைச் சுற்றிய குழாயும் சேர்ந்த முழு ஸ்டீயரிங் காலமையே மாற்ற வேண்டியிருக்கும்.

8. கிளாக் ஸ்பிரிங்: தொடாமல் பாதுகாக்க வேண்டியது

ஏர்பேக் வண்டியில் வீலை எடுத்ததும் வட்டமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி தெரியும். உள்ளே சுருள் சுருளாகத் தட்டையான கேபிள். வீல் எத்தனை சுற்று சுற்றினாலும் வயர் அறாமல் இருப்பது இதனால்தான். ஹாரன் வயரும் இதன் வழியாகவே வருகிறது. ஏர்பேக் போய்விட்டதே என்று இதைப் பிடுங்கி எறிந்தால் ஹாரனும் போகும், இண்டிகேட்டர் தானாக அணைவதும் போகும்.

இப்போது அது நடுநிலையில் நிற்கிறது. அப்படியே இருக்கட்டும். சுழலாமல் இருக்க மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். ஆர்வத்தில் சுற்றிப் பார்த்துவிட்டு எத்தனை சுற்று என்று தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு. அப்படிச் சுழன்றுவிட்டால் அதன்மேல் ஒட்டியிருக்கும் குறிப்பின்படிதான் நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். நிற்கும்வரை கடிகாரத் திசையில் மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து குறிப்பு சொல்லும் அளவு பின்னால் வந்து, அம்புக்குறிகளை ஒன்றாக்க வேண்டும். இதைச் செய்யாமல் வீலை மாட்டினால், எங்கோ ஒரு முழு வளைவில் கேபிள் இறுகி அறுந்துவிடும்.

9. ஹப்பை ஏற்றுங்கள்

தண்டின் பல் வரிகளைத் துணியால் துடையுங்கள். டேப்பை எடுங்கள். கிளாக் ஸ்பிரிங்கிலிருந்து வரும் வயர்களை ஹப்பின் துளை வழியே முதலில் கோர்த்துவிடுங்கள். ஹப்பை மாட்டிய பிறகு வயரை இழுத்தெடுக்க முடியாது.

பின்புறம் பார்த்தால் ஹப்பில் சின்ன முளைகளோ பள்ளங்களோ இருக்கும். அவை கிளாக் ஸ்பிரிங்கோடும் இண்டிகேட்டரை அணைக்கும் வளையத்தோடும் பொருந்த வேண்டும். ஹப்பின் மேல்புறக் குறி மேலே இருக்கும்படி பிடித்து, தண்டில் கையால் தள்ளுங்கள். சரியாகப் பொருந்தியிருந்தால் கை விசையிலேயே உள்ளே போய் உட்காரும். இடைவெளி விட்டு நின்றால் நட்டை இறுக்கி உள்ளே தள்ள முயலாதீர்கள். ஏதோ ஒரு முளை பள்ளத்தில் விழவில்லை என்று அர்த்தம். இறுக்கினால் பிளாஸ்டிக் உடையும் சத்தம்தான் வரும்.

ஸ்டீயரிங் காலமின் மூடிக்கும் ஹப்பின் உறைக்கும் நடுவில் சுற்றிலும் சீரான இடைவெளி இருக்கிறதா பாருங்கள். உரசினால் ஓட்டும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கீச்சிடும்.

நட்டைப் போட்டு டார்க் ரெஞ்ச்சில் 39 முதல் 49 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். குறைந்தால் பல் வரிகள் தேயும். கூடினால் மரை கெடும். இறுக்கும்போதும் வளையத்தைக் கையால் பிடிக்கலாம். அதற்காக வீலைத் தற்காலிகமாக இரண்டு ஸ்க்ரூவில் மாட்டிக்கொள்வது வசதி.

10. ஹாரன்

இந்தக் காரில் ஹாரன் பட்டன் மின்சாரம் கொடுப்பதில்லை. ரிலேயிலிருந்து வரும் ஒற்றை வயரைக் காரின் உடலோடு தொடவைக்கிறது, அவ்வளவுதான். இது புரிந்தால் ஹாரன் கோளாறுகள் எல்லாம் புரிந்துவிடும்.

பட்டனுக்கு ஒரே முனை இருந்தால் ஹாரன் வயரை அதில் மாட்டுங்கள். மறுபக்கம் பட்டனின் உலோக விளிம்பு வழியாக வீல், ஹப், தண்டு என்று உடலுக்குப் போகும். இரண்டு முனை இருந்தால் இரண்டாவதை ஹப்பில் ஒரு ஸ்க்ரூவின் அடியில் பிடியுங்கள். பெயின்ட் அடித்த ஹப்பாக இருந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் சுரண்டி உலோகம் தெரிய வையுங்கள். பேட்டரி இணைக்கும் முன் மல்டிமீட்டரால் ஹப்புக்கும் காரின் வெற்று உலோகத்துக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஏர்பேக்குக்குப் போய்க்கொண்டிருந்த இணைப்பானைத் துணி டேப்பால் சுற்றி, ஹப்பின் உள்ளே ஆடாமல் கட்டிவையுங்கள். சில ஹப் கிட்டுகளில் எச்சரிக்கை விளக்கை அணைத்துவைக்க ரெசிஸ்டர் கொடுப்பார்கள். அதைப் போட்டால், வண்டியைப் பின்னால் வாங்குகிறவருக்கு ஏர்பேக் இல்லை என்பது தெரியாமல் போகக் கூடாது. தெளிவாக எழுதி டாஷ்போர்டில் ஒட்டுங்கள். பயணி பக்க ஏர்பேக் உள்ள வண்டியில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அந்தப் பக்கத்தையும் நம்ப முடியாது.

11. வீலைப் பூட்டுங்கள்

ஆறு ஸ்க்ரூவிலும் ஒரு துளி திரெட் லாக்கர் விட்டு, முதலில் கையால் மட்டும் ஏற்றுங்கள். ஆறும் உட்கார்ந்த பிறகு எதிரெதிராக, நட்சத்திர வடிவில் இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கிவிட்டால் மற்றவை கோணலாகும். சின்ன ஸ்க்ரூக்கள் இவை. ஆலன் கீயின் குட்டைக் காலைக் கையில் பிடித்து இறுக்கும் விசையே போதும். நீளக் காலைப் பிடித்து முழு பலத்தையும் கொடுத்தால் தலையின் குழி வழவழப்பாகிவிடும், பிறகு கழற்ற டிரில் தேவைப்படும்.

ஹாரன் வயர் எதன் அடியிலும் நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டு பட்டனை அமுக்கிப் பொருத்துங்கள்.

12. சோதனையும் முதல் ஓட்டமும்

வண்டிக்குள் யாரும் இல்லாத நிலையில் பேட்டரியை இணையுங்கள். இணைத்த உடனே ஹாரன் நிற்காமல் அலறினால் வயர் எங்கோ உலோகத்தில் நசுங்கியிருக்கிறது. பேட்டரியை எடுத்துவிட்டுத் தேடுங்கள். அமுக்கியும் சத்தமே வராவிட்டால் உடலுக்குப் போகும் பாதை, அதாவது பெயின்ட் அடித்த முகங்கள், முதல் சந்தேகம்.

நின்ற இடத்திலேயே எஞ்சினை இயக்கி, வீலை இரு பக்கமும் கடைசிவரை மெதுவாகத் திருப்புங்கள். எங்கும் இழுப்போ கடகட சத்தமோ இருக்கக் கூடாது. இருபுறமும் இண்டிகேட்டரைப் போட்டு, வீலைத் திருப்பிவிட்டு மறுபடி நேராக்கும்போது தானாக அணைகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அணையவில்லை என்றால் ஹப்பின் முளை வளையத்தில் சரியாக விழவில்லை.

அப்புறம் காலியான நேர்ச் சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வீல் கண்ணுக்குத் தெரியும் அளவு சாய்ந்து நின்றால், ஹப் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. கழற்றி ஒரு பல் மாற்றிப் போடுங்கள். ஒரு பல்லுக்கும் குறைவான சின்னச் சாய்வு என்றால் வீல் அலைன்மென்ட் செய்யும் இடத்தில் சொல்லுங்கள். முன்சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளான இரண்டு டை ராடையும் சம அளவு எதிரெதிராகத் திருப்பிச் சரிசெய்வார்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பினால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்க்கும் கோணம், மாறி டயர் தேயும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஹாரன் பட்டனை எடுத்து, நட்டை அதே அளவில் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். ஆறு ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்த்தால் போதும், லாக்கர் காய்ந்ததைக் கிளப்ப வேண்டாம். மழையில் திறந்த கூரையோடு மாட்டிக்கொண்டால் பட்டனைக் கழற்றி உள்ளே துடைத்துவிடுங்கள். அந்த ஈரத்தில்தான் ஹாரன் முனை துருப்பிடிக்கிறது.

பழைய வீலையும் ஏர்பேக்கையும் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். ஏர்பேக்கில் வெடிமருந்து இருக்கிறது. வெயில் படாத, குழந்தைகள் கைக்கு எட்டாத உலர்ந்த இடத்தில், முகம் மேலே பார்க்க வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் அசல் பொருளைக் கேட்கலாம். வேண்டவே வேண்டாம் என்றால் பழைய வாகனங்களைப் பிரிக்கும் உரிமம் பெற்ற இடத்தில் ஒப்படையுங்கள்.